நான்கு மஞ்சள் கோடுகள்

வியாழக்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதினால் பொய்யாகிவிடும், பொய் சொல்லி நான் பட்டது போதும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் எங்கே பேசுவது, வீட்டில் மணி அடித்ததும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறாரே, நான் தும்மினால்கூட உனக்கும் அவருக்கும் சேர்ந்துதான் கேட்கிறது. இப்போது அவர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பதறாதே, கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தலையை ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறார். நானும் வருகிறேன் என்றேன், "நான் தனியா போய்த் தனியா திரும்பி வர முடியுதான்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, பஸ் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினார். முப்பது வருஷமாக ஓடுகிற அதே பஸ். நான் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேர் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, பில் புத்தகத்துப் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு நாங்கள் சொன்னது நர்ஸம்மா காரில் ஏதோ ரிப்பேர் என்று மட்டும்தான். வீடு வீடாகப் போய், எழுந்து நடக்க முடியாதவர்களுக்குப் புண் கட்டி ஊசி போடுவாரே, உனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் வந்து போனவர், அவர்தான். மூன்று மாசத்துக்கு முன்னால் அவர் கார் என்ஜினில் டக் டக் என்று சத்தம் என்று கொண்டுவந்து விட்டார். அடிப்பக்கத்துத் தொட்டியைக் கழற்றினால் எண்ணெய் எண்ணெயாகவே இல்லை, கருப்பு ஜாம் மாதிரி இருந்தது, அது ஆயில் உறிஞ்சுகிற சல்லடையை அடைத்துவிட்டது. எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று அப்பா கேட்டால் அந்த அம்மா மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார். ஊருக்கெல்லாம் நேரம் தவறாமல் மருந்து கொடுக்கிறவர் காருக்கு மட்டும் இரண்டு வருஷம் கொடுக்கவில்லை என்று அப்பா கேலி பண்ணினார், எல்லோரும் சிரித்தோம். பிஸ்டனைக் கிராங்க் என்கிற சுழல் தண்டோடு சேர்க்கிற கனெக்டிங் ராடின் கால் பக்கத்தில் மெல்லிய பேரிங் தகடு ஒன்று இருக்கும், அதற்கும் கிராங்குக்கும் நடுவில் எண்ணெய் ஒரு படலமாக நிற்க வேண்டும். எண்ணெய் வராததால் நாலு ராடிலும் தகடு கீறிப் போயிருந்தது. கிராங்க் நல்லவேளை தப்பித்தது. என்ஜினை இறக்கி ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டி, புதுத் தகடு, புது போல்ட் போட்டு மூட வேண்டிய வேலை, அப்பாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அந்த போல்ட்டைப் பற்றி உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. இப்போது வருகிற என்ஜின்களில் ராடு போல்ட்டை இரண்டு தடவையாக இறுக்க வேண்டும். முதலில் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு. அதற்கு மேல் சரியாகக் கால் சுற்று. அந்தக் கால் சுற்றில்தான் போல்ட் மயிரிழை நீண்டு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால் சுற்று கொடுக்காத போல்ட்டும் இறுகினது போலத்தான் இருக்கும், விரலால் அசைத்தால் அசையாது, ஆனால் ஓட ஓட நழுவும். சந்தேகத்தில் இன்னொரு கால் சுற்று கூடக் கொடுத்தாலோ நீண்டது மறுபடி நீண்டு ஒரு நாள் அறுந்துவிடும். அதனால் அப்பா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். முதல் தடவை இறுக்கியதும் "ஒண்ணு" என்று உரக்கச் சொல்வார், கால் சுற்று கொடுத்ததும் "ரெண்டு" என்பார். ரெண்டு என்பது என் காதில் விழுந்த பிறகுதான் நான் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் போல்ட் தலையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு விழுந்த போல்ட்டை உலகமே தலைகீழானாலும் மறுபடி தொடக் கூடாது. இறுக்குகிற கை வேறு, கோடு போடுகிற கை வேறு என்று வைத்ததே ஒருவர் தப்பை இன்னொருவர் பிடிப்பதற்காகத்தான். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்திலிருந்து நான்தான் கோடு போடுகிறேன், ஒரு நாள் தப்பியதில்லை.

தப்பிய நாள், நீ டிரைவிங் டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டேன் என்று போன் செய்தாயே, அந்த நாள். ராடுகளை ஜோடி ஜோடியாகத்தான் முடிக்க முடியும், ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. முதல் ஜோடி முடிந்தது, ராடுக்கு இரண்டாக நாலு போல்ட், நாலு கோடு. கிராங்கைச் சுற்றி அடுத்த ஜோடியை மேலே கொண்டுவந்தார், ஒண்ணு என்று நாலு முறை சொன்னதைக் கேட்டேன், கால் சுற்று கொடுக்க ரெஞ்சை மாற்றும்போது போன் அடித்தது. உள்ளே சிக்னல் நிற்காது என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார். "என்னது, பாஸா! சுவத்துல இடிக்காமலா!" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. இரண்டு முறை பெயிலான மெக்கானிக் மகள், மூன்றாம் முறை பாஸ் என்றால் சும்மாவா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் பேசி முடித்துப் போனை என்னிடம் தருவதற்குள் நீ ஆபீசுக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், வாசலில் பேசுகிற நாளெல்லாம் அதுதான் நடக்கிறது. பேனா மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தேன், முனை வேறு காய்ந்துகொண்டிருந்தது. வந்து கால் சுற்று கொடுக்கத்தானே போகிறார், கோட்டை இப்போதே போட்டுவிட்டால் நான் போகலாம் என்று இருந்தது. நினைத்தேன் என்று சொல்வதுகூட அதிகம், கை போட்டுவிட்டது. நாலு கோடு. மூடியை மாட்டிவிட்டு வாசலுக்கு ஓடிவந்து அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன், உன்னோடு அரை மணி நேரம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார், எட்டு போல்ட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது, கோடு இருந்தால் தொடக் கூடாது, தொடவில்லை. நான் பேசிவிட்டு வந்தபோது தொட்டியை மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நாம் பேசியது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் படித்ததும் நான் போன் பண்ணியதால்தானே என்று நீ ஆரம்பிப்பாய், பெற்றவளுக்குத் தெரியாதா. அந்தப் பேச்சே வேண்டாம். அப்படி ஒரு வார்த்தை எழுதினாயானால் நிஜமாகவே எனக்குக் கோபம் வரும். போனென்றால் அடிக்கத்தான் செய்யும். கோடு போட்டது நான்.

கார் ஏழு வாரம் ஓடியது. ஏழாவது வாரம் பாலத்து இறக்கத்தில் வரும்போது மூன்றாவது ராடைக் கிராங்கில் பிடித்துவைக்கிற மூடி கழன்று, ராடு சுழன்று என்ஜின் சுவரைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவ்வளவு எண்ணெயும் ரோட்டில் கொட்டி, அதே எண்ணெயில் பின் சக்கரம் வழுக்கி, கார் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. நர்ஸம்மா உயிருக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஊசி போடுகிற கை. அப்பா போய் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார், அவரே படுத்து அடியைத் திறந்தார். ஒரு போல்ட் அறுந்து கிடந்தது, இன்னொன்று முழுசாகக் கழன்று தொட்டியில் கிடந்தது, தலையில் நான் போட்ட கோடு பளிச்சென்று இருந்தது. அதைத் துடைத்து வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தார். புதுசு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கால் சுற்றே கொடுக்காத போல்ட். மூன்று முறை அளந்தார், பிறகு என்னைப் பார்த்து, "நான் ரெண்டுன்னு சொன்னேனா?" என்று கேட்டார்.

"சொன்னீங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கேட்ட மாத்திரத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, வந்த பிறகும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. மற்ற போல்ட்டுகளைக் கழற்றி அளந்திருந்தால் அன்றைக்கே அவருக்கு விளங்கியிருக்கும். நான் சொன்னீங்க என்றதும் அவர் தேடுவதற்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது. செய்யாத வேலையைச் செய்ததாகத் தன் வாயே சொல்லியிருக்கிறது, அது தனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான் என்று என்ஜின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். உன் பெரியப்பா கடைசி மூன்று வருஷம் சொந்தப் பிள்ளையையே யாரென்று கேட்டாரே, அது நமக்கும் வரும் என்று அப்பா எப்போதும் உள்ளுக்குள் பயந்தவர். இப்போது வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். இந்த ஐந்து வாரமும் அவர் எந்த என்ஜினையும் திறக்கவில்லை. ஏர் பில்டரைத் தட்டித் துடைப்பார், வைப்பர் மாற்றுவார், அதற்கு மேல் கேட்டால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறார். ஓட்டக்கூடச் சாவியைத் தொடுவதில்லை. வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று நாலு தரம் போய்ப் பார்க்கிறார், அணைத்ததை ஒரு நோட்டில் எழுதுகிறார். போன வாரம் என்னிடம் வந்து, "என் பேச்சுல ஏதாவது வித்தியாசம் தெரியுதா, மறைக்காம சொல்லு" என்றார். மறைக்காமல் சொல்லச் சொல்கிறார் மனுஷர், யாரிடம் போய்ச் சொல்கிறார் பார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் நாள் பயம், நர்ஸம்மா கையைப் பார்த்த பயம். இரண்டாம் நாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பார், அதற்குப் பதில் இல்லை, அடுத்த நாள் அந்தக் கேள்வியில் இன்னொரு நாள் கூடிவிடுகிறது, அப்படியே ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. அக்கம்பக்கத்தில் அவருக்கு மறதி வந்துவிட்டதாம் பாவம் என்று பேசியபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. என்னை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா. உன் அம்மா இப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும். திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பைப் பேட்டரிக் கடைக்காரரிடம் ஒப்படைப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார், எடுத்ததற்கெல்லாம் பொங்குகிறார் என்று நாம் ஆசிட் என்று பெயர் வைத்தோமே, அவர்தான். அவரே இந்தத் தடவை பொங்காமல், "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா அண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை எப்போதோ போயிருக்கும், நீ எனக்கு வழி சொல்ல முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரு தடவையாவது முழுசாக எழுதிப் பார்த்தால் வாயில் வருமோ என்னவோ. அவர் வருகிற சத்தம் கேட்கிறது, மடித்து வைக்கிறேன்.

சனிக்கிழமை

வியாழக்கிழமை அவர் வந்ததும் முதலில் சொன்னது, "தனியாப் போயிட்டு வந்துட்டேன் பாத்தியா" என்பதுதான், உள்ளங்கையில் நம்பர் வேர்வையில் கலைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட் வந்தது. ஒன்றுமே இல்லை, வயசுக்கு நல்ல மூளை என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு அப்பாடா என்று இருந்தது, இனி நான் சொல்லவே தேவையில்லை, தானாகச் சரியாகிவிடும் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "ஸ்கேன்லயே தெரியாத மறதின்னா அது இன்னும் மோசம்தானே" என்றார். சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஆசிட்டிடம் ஒப்படைக்க வேண்டிய ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பின்னாலேயே போய் நின்றபடி சொல்லிவிட்டேன். அழகாக வரிசையாகவெல்லாம் சொல்லவில்லை, போன், பேனா, நாலு கோடு, நீங்கள் ரெண்டுன்னு சொல்லவே இல்லை என்று முன்னும் பின்னுமாக உளறினேன்.

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. பதினேழாம் நம்பரை வைத்தார், பத்தொன்பதை வைத்தார். பிறகு, "நாலும் ஒரே ஜோடியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போய் தார்ப்பாயை விலக்கி, உடைந்த என்ஜினில் மீதி இருந்த ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் கிட்டே போகவில்லை. ஒன்றாவது ராடு, நாலாவது ராடு, நாலு போல்ட்டும் நீண்டிருந்தன. இரண்டாவது ராடின் இரண்டும் புதுசு போலவே இருந்தன. பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை வைத்த போல்ட் ஒன்றுகூடத் தவறவில்லை என்று அங்கே பச்சையாகத் தெரிந்தது. சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. திட்டுவார் என்றாவது எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெஞ்சைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு வாரமா நான் அடுப்பை ஓடி ஓடிப் பார்த்தேன். நீ அதைப் பார்த்துக்கிட்டே இருந்தே" என்றார். குரல் உயரவே இல்லை.

அதற்குப் பிறகு, "நர்ஸம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு, நான் வர மாட்டேன்" என்றார். நேற்று சாயங்காலம் போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மருந்துக் குறிப்பு எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் மேல எனக்கு வருத்தமே வரலம்மா, வயசாச்சு, மனுஷன் கைதானேன்னு இருந்தேன். இப்ப வருது" என்றார். யார் மேல் என்று நான் கேட்கவில்லை. நான் வெளியே வந்து செருப்பு போடும்போது, கட்டுப் பிரித்த பிறகு இரண்டு மாதத்துக்குக் கூடமாட உதவ ஆள் வேண்டும், பேண்டேஜ் வெட்டிக் கொடுக்க, பெட்டி தூக்க, நான் வர முடியுமா என்று உள்ளேயிருந்து கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆசிட்டுக்கு அப்பாவே போன் போட்டு, ஒர்க்‌ஷாப் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார், அவர் அந்தப் பக்கம் பொங்கியது எனக்குக் கேட்டது, அதைக் கேட்டு இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம், சிரிக்கவில்லை.

இன்று காலை பள்ளிக்கூட வேன் ஒன்று வந்தது, ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் என்ஜின். அப்பா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார், கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ராடு போல்ட்டுக்கு வரும்போது பெயிண்ட் பேனாவைத் தேடினார், நான் எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஒண்ணு என்று உரக்கச் சொல்லி இறுக்கினார், ரெண்டு என்று உரக்கச் சொல்லிச் சுற்றினார், கோட்டையும் அவரே போட்டுக்கொண்டார். ஒரே ஆள் இறுக்கி அதே ஆள் கோடு போடக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம்தான், அது அவருக்கும் தெரியும். எட்டு முறை ரெண்டு என்று சொன்னார், கேட்பதற்கு என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

உன் காரில் வாரம் ஒரு முறை ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார், இரண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும், மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதல்தான். பழைய கார் என்பதால் மைல் கணக்குப் பார்க்காமல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெயும் பில்டரும் மாற்றிவிடு, மாப்பிள்ளை அடுத்த மாசம் பார்க்கலாம் என்றால் கேட்காதே. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் உறுமவிடாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடு. இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ண மறக்காதே. அப்பாவிடம் எனக்காகப் பரிந்து பேசாதே. அவர் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் முழுசும் சொல்லவிடு, ஐந்து வாரம் அவர் பட்டதைச் சொல்ல ஆள் இல்லாமல் பண்ணிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா